தாளுக்கு ஒரு விலை, தகரத்துக்கு ஒரு விலை

வாசகர் கேள்வி – பதில்: கார் பக்கம்

சென்ற இதழில், சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலை விளக்குச் சந்திப்பில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்ற மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: இவ்வளவு விலை ஏன், இவ்வளவு தட்டுப்பாடு ஏன்? அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே. பிரேக் கிறீச்சிடுகிறது, ஏர்கானில் நாற்றம் வருகிறது என்று எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சின் மிங்கில் 34 ஆண்டுகள் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கார் விற்றதில்லை. விற்றவர்களுக்குப் பக்கத்தில் அடியில் படுத்து எண்ணெய் மாற்றியிருக்கிறேன். அங்கிருந்தும் நிறையக் காதில் விழும்.

கேள்வி (பொங்கோல்): அங்கிள், லண்டனில் இருக்கும் என் நண்பன் போர்ஷே 911 வாங்கியிருக்கிறான். அவன் கொடுத்த விலையை வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தால், இங்கே கேட்பதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் சான்றிதழ், அந்த சி.ஓ.இ.தானே எல்லாவற்றுக்கும் காரணம்?

பதில்: எல்லாரும் சி.ஓ.இ.யைத்தான் திட்டுகிறார்கள், தம்பி. குடும்பக் கார் வாங்குகிறவர் திட்டினால் நியாயம் உண்டு. உங்கள் 911 விஷயத்தில் அது சின்ன வில்லன். பெரிய வில்லனுக்குப் பெயர் கூடுதல் பதிவுக் கட்டணம். கடைக்காரர்கள் ஏ.ஆர்.எஃப். என்பார்கள்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். கார் துறைமுகத்தில் வந்து இறங்கும்போது சுங்கத்துறை அதற்கு ஒரு மதிப்புப் போடும். அதுதான் திறந்த சந்தை மதிப்பு. அது 150,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 20 விழுக்காடு தீர்வை: 30,000. இரண்டையும் கூட்டி அதில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி: 16,200. இதுவரை வலிக்காது.

இனிதான் ஏ.ஆர்.எஃப். சந்தை மதிப்பின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு. அடுத்த 20,000க்கு 140. அதற்கடுத்த 20,000க்கு 190. அதற்கும் அடுத்த 20,000க்கு 250. இந்த 80,000ஐத் தாண்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் 320 விழுக்காடு. கூட்டிப் பாருங்கள், 360,000 வெள்ளி வரும். காரின் மதிப்பைப் போல இரண்டரை மடங்குக்கும் கொஞ்சம் குறைவு. பதிவுக் கட்டணம் 350 வெள்ளியை வேண்டுமானால் தேத்தண்ணிச் செலவு என்று விட்டுவிடுங்கள்.

ஆக, சி.ஓ.இ. இல்லாமலே 556,550 வெள்ளி. சான்றிதழை 120,000 என்று வைத்தால் 676,550. கடைக்காரர் லாபம் இன்னும் சேர்க்கவில்லை. மொத்தத்தில் சி.ஓ.இ.யின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு.

சான்றிதழில் ஒரு வேடிக்கை உண்டு. 1,600 சிசிக்கு மேலோ 130 குதிரைத்திறனுக்கு மேலோ போனால் பி பிரிவு. மூன்று பிள்ளைகளோடு பெரிய செடான் வாங்குகிறவரும் அதே பிரிவு, 500 குதிரைத்திறன் கார் வாங்குகிறவரும் அதே பிரிவு. 2023 அக்டோபரில் பி பிரிவு 150,001 வெள்ளிக்குப் போனபோது யாருக்கு அடி விழுந்தது? மில்லியன் வெள்ளிக் கார் வாங்குகிறவருக்கு முப்பதாயிரம் ஏறுவதும் இறங்குவதும் தெரியாது. செடான்காரருக்குத் தூக்கம் போயிருக்கும்.

விலை ஏற்றத்தைப் பற்றிக் கேட்டதால் இன்னொன்று. ஐரோப்பாவில் தொழிற்சாலை நம்முடைய பணத்தில் ஒரு 10,000 வெள்ளி ஏற்றுகிறது என்று வையுங்கள். இங்கே அது எவ்வளவாகிறது? 10,000, தீர்வை 2,000, பொருள் சேவை வரி 1,080, ஏ.ஆர்.எஃப். 32,000. மொத்தம் 45,080. தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் கார்பன் இருக்கை, விசேஷச் சாயம் எல்லாம் சந்தை மதிப்பில்தான் சேரும். "இருக்கைதானே, போட்டுக்கொள்ளலாம்" என்று சொன்ன ஒரு வாடிக்கையாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சாதா இருக்கையும் உட்கார வசதியாகத்தான் இருக்கு" என்றார்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2013க்கு முன் எல்லாக் காருக்கும் ஒரே விகிதம், கடைசியாக 100 விழுக்காடு. 2013இல் படிநிலை வந்தது, உச்சப்படி 180. 2022இல் 220. 2023 பிப்ரவரியில் 320. அந்த 320 வந்த வாரம் சின் மிங்கில் கோப்பிக்கடையில் தே குடிக்கவும் ஆளில்லை. எல்லாரும் தொலைபேசியில் இருந்தார்கள்.

கேள்வி (புக்கிட் தீமா): என்னிடம் பணம் இருக்கிறது, கடன்கூட வேண்டாம். ஆனாலும் ஒரு முகவர், நான் கேட்ட மாடலுக்கு இரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறார். "முதலில் எங்களிடம் வேறொரு கார் வாங்குங்கள், பிறகு பெயரைச் சேர்க்கிறோம்" என்கிறார். இது நியாயமா? பணம் கொடுப்பவன் நான்!

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் ஐயா, அந்தக் கடையில் வாடிக்கையாளர் தேர்வு எழுதுகிறார், கடைக்காரர் மதிப்பெண் போடுகிறார்.

என்ஸோ ஃபெராரியின் கொள்கை ஒன்றைச் சொல்வார்கள்: சந்தை எத்தனை கேட்கிறதோ அதைவிட ஒன்று குறைவாகச் செய். 2014இல் அந்த நிறுவனம் உலகம் முழுக்க அனுப்பியது 7,255 கார். 2024இல் 13,752. பத்தாண்டில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. வரிசை குறைந்ததா? குறையவில்லை. உலகத்தில் பணக்காரர்கள் அதைவிட வேகமாகப் பெருகிவிட்டார்கள். லம்போர்கினி 2023இல் முதன்முறையாகப் பத்தாயிரத்தைத் தாண்டியது, 10,112. அதில் 6,087 உரூஸ், அதாவது உயரமான குடும்ப வண்டி. தரையோடு தரையாகப் போகும் கார் கேட்பவர்களுக்கு மிச்சம் எத்தனை என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலை வேண்டுமென்றே குறைப்பது ஒரு பக்கம். வேண்டாமலே குறைவதும் உண்டு. 2021இல் கணினிச் சில்லு கிடைக்கவில்லை. 2022இல் உக்ரேனில் போர் தொடங்கியதும், அங்கே தயாராகிக்கொண்டிருந்த வயர் கட்டுகள் நின்றுபோய் ஜெர்மன் தொழிற்சாலைகள் சில திணறின. அதே ஆண்டு பிப்ரவரியில் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல் ஏறத்தாழ நாலாயிரம் கார்களோடு அட்லாண்டிக் நடுவில் தீப்பிடித்து, மார்ச்சில் அஸோர்ஸ் தீவுகளுக்கு அருகே மூழ்கியது. போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி எல்லாம் கடலடியில். லம்போர்கினி முடித்துவிட்டிருந்த அவென்டடோர் உற்பத்தியை, மூழ்கியதற்கு ஈடு செய்ய மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. ஒரு திருகாணிக்காகப் பத்து நாள் காத்திருந்து வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கியவன் நான். ஒரு கப்பலே போனால் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

"முதலில் வேறொன்று வாங்கு" என்பது இந்த வியாபாரத்தில் புதிதில்லை. எளிதில் கிடைக்கும் மாடலை வாங்கி, விசுவாசத்தைக் காட்டி, ஏணியில் ஏற வேண்டும். பெரிய பிராண்டுகளின் குறைந்த எண்ணிக்கைக் கார்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அவர்கள் காரை வைத்திருப்பவர்களுக்கே போகும். வாங்கியவுடன் கூடுதல் விலைக்குக் கைமாற்றுகிறவர்களைத் தடுக்கவும் இதைச் செய்கிறார்கள். ஃபோர்டு ஜிடி வாங்குகிறவர்களிடம் இரண்டு ஆண்டு விற்கக்கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். நடிகரும் மல்யுத்த வீரருமான ஜான் சீனா முன்கூட்டியே விற்றார் என்று 2017இல் வழக்கே போட்டார்கள். அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. 911 எஸ்/டி வந்தபோது போர்ஷே அமெரிக்காவில் முதல் ஓராண்டு காரை விற்கவே இல்லை, வாடகை ஒப்பந்தத்தில் கொடுத்தது. காரணம் அதேதான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வேண்டாத காரை வாங்கி ஏணியில் ஏறாதீர்கள். மேலே போட்ட கணக்குப்படி இந்த ஊரில் வேண்டாத கார் ஒன்றுக்கு நீங்கள் கட்டும் வரி மட்டும் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீட்டின் விலையை நெருங்கும். வேண்டும் என்றால் முன்பணம் கட்டுவதற்குமுன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள். கார் வராவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும்? சி.ஓ.இ. ஏலத்தில் விலை ஏறினால் வித்தியாசம் யார் தலையில்? சந்தை மதிப்பு மதிப்பீட்டைவிட உயர்ந்து வந்தால் யார் தலையில்?

மூன்றாவதை மறக்காதீர்கள். என் ஒர்க்‌ஷாப் வாடிக்கையாளர் ஒருவர் அதை மறந்தார். பதினான்கு மாதம் காத்திருந்தார். கார் வந்தபோது மதிப்பு 8,000 வெள்ளி கூடுதல். அது கடைசியில் அவர் பில்லில் எத்தனை ஆனது என்று இப்போது உங்களுக்கே கணக்குப் போடத் தெரியும்.

கேள்வி (தெம்பனிஸ்): மகனுக்கு 27 வயது. நல்ல வேலை. மூன்று லட்சம் வெள்ளிக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். "கடன் கிடைக்கும், அம்மா" என்கிறான். அவன் அப்பா பேசுவதே இல்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

பதில்: அம்மா, அவனிடம் நான் கேட்கச் சொன்னதாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முன்பணம் யாருடையது?

சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேல் இருக்கும் காருக்கு விலையில் 60 விழுக்காடுதான் கடன், அதிகபட்சம் ஏழு ஆண்டு. மூன்று லட்சத்துக்கு 120,000 கையிலிருந்து போட வேண்டும். மிச்சம் 180,000. ஆண்டுக்கு 2.5 விழுக்காடு நிலை வட்டி என்று வைத்தால் வட்டி மட்டும் 31,500. மாதத் தவணை 2,518 வெள்ளி. காப்புறுதி, சாலை வரி, பெட்ரோல், நிறுத்துமிடம் எல்லாம் தனி. முப்பது வயது ஆகாதவனுக்கு அந்த மாதிரி காருக்குக் காப்புறுதி கேட்டுப் பாருங்கள், சில நிறுவனங்கள் சிரித்துவிட்டு வைத்துவிடும். ஆனை வாங்கினால் அங்குசமும் வாங்க வேண்டும். இந்த ஆனைக்கு அங்குசமும் இறக்குமதி. நாலு டயரும் பிரேக் தட்டும் ஒரே நேரத்தில் வந்தால் அந்த மாதம் அவன் உங்கள் சமையலறையில்தான் சாப்பிடுவான்.

ஆனால் அவனை முட்டாள் என்று நினைக்காதீர்கள். 27 வயதில் எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும். ஒரு வாரக்கடைசிக்கு அதே காரை வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் புளோக் பலமாடி நிறுத்துமிடத்தில் ஐந்தாம் மாடிவரை ஏற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு வளைவிலும் முன்பக்கம் சிமெண்டில் உரசும் சத்தம் கேட்டால் பாதி ஆசை இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் அவனுக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. அப்போது சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் பக்கம் கையைக் காட்டுங்கள்.

அவன் அப்பாவை மட்டும் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): பழைய ஃபெராரி ஏலத்தில் கோடிக்கணக்கில் போகிறது. தங்கம், நிலம் போல இதையும் முதலீடாக வாங்கி வைக்கலாம் என்று நாங்கள் மூன்று நண்பர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கருத்து?

பதில்: இந்த ஊரில் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று பேர் பணம்.

நீங்கள் படித்த செய்தி உண்மைதான். ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தம் 36 தான் செய்தார்கள். அதில் ஒன்று 2023 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 51.7 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது. 2022இல் மெர்சிடிஸ் தன்னிடமிருந்த இரண்டே இரண்டு 300 எஸ்எல்ஆர் கூப்பேக்களில் ஒன்றை 135 மில்லியன் யூரோவுக்கு விற்றது. ஆனால் அந்தக் கார்களுக்குக் காலாவதித் தேதி இல்லை. நம் காருக்கு உண்டு.

சி.ஓ.இ. என்பது 1990இலிருந்து இங்கே பத்தாண்டு வாடகைச் சீட்டு. காரின் தகரத்துக்கு ஒரு விலை, அது ஓடுவதற்கான தாளுக்கு ஒரு விலை. தகரம் ஏறலாம். தாள் தினமும் கரையும். ஐஸ் கச்சாங் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, நல்ல விலை வந்ததும் விற்கலாம் என்று காத்திருப்பது போல. பத்தாண்டு முடிந்தால் புதுப்பிக்கலாம், அன்றைய மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டி. ஆனால் புதுப்பித்த அன்றே, பதிவை ரத்துசெய்தால் கிடைக்கும் ஏ.ஆர்.எஃப். தள்ளுபடி போய்விடும்.

அந்தத் தள்ளுபடியிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. 2026 தொடக்கம்வரை இருந்த விதிப்படி, பதிவு செய்தபோது கட்டிய ஏ.ஆர்.எஃப்.பில், பத்தாவது ஆண்டில் ரத்துசெய்தால் பாதி திரும்பும். விலையுயர்ந்த காருக்கு அது பெரிய தொகை. 2023 பிப்ரவரியில் இதற்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு வைத்தார்கள். முதல் கேள்வியில் 360,000 கட்டினாரே, அவருக்குப் பாதி என்றால் 180,000 வந்திருக்க வேண்டும். அந்த விதியின் உச்சவரம்பால் 60,000தான். மிச்சம் 120,000 காற்றில் போச்சு.

இதனால்தான் பழைய கார் வாங்குகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது: சி.ஓ.இ. எடுத்த தேதியைப் பாருங்கள். அதே 150,000 வெள்ளி மதிப்புள்ள கார் 2021இல் பதிவாகியிருந்தால் அன்றைய விகிதத்தில் ஏ.ஆர்.எஃப். 242,000. பத்தாவது ஆண்டில் 121,000 திரும்பும், உச்சவரம்பு கிடையாது. குறைவாகக் கட்டிய பழைய காருக்கு அதிகம் திரும்புகிறது. விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும், விலையில் சேர்த்துத்தான் வைத்திருப்பார். வாங்குகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

"வெளிநாட்டில் நல்லதாகப் பார்த்துக் கொண்டுவரலாமே" என்பீர்கள். மூன்று ஆண்டுக்கு மேல் ஓடிய காரை இங்கே இறக்குமதி செய்து பதிவுசெய்ய விடமாட்டார்கள். அதற்குள் இருந்தாலும் கூடுதலாக 10,000 வெள்ளி. இடப்பக்க ஸ்டீயரிங் சாதாரணமாகப் பதிவாகாது. ஃபெராரியின் எஃப்40, என்ஸோ, லாஃபெராரி, போர்ஷேயின் கரேரா ஜிடி, இவையெல்லாம் தொழிற்சாலையிலிருந்து இடப்பக்க ஸ்டீயரிங்கோடுதான் வந்தன. ஏலத்தில் ஏறும் கார்களில் பாதி நம் வாசலுக்கே வர முடியாது. 35 ஆண்டு தாண்டிய கார்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது, அதில் ஆண்டுக்கு ஓட்டும் நாட்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. அது பழையதை நேசிப்பவர்களுக்கு, மூன்று நண்பர்கள் சேர்ந்து லாபம் பார்ப்பதற்கு ஒத்துவராது.

ஒரு வாடிக்கையாளர் நினைவுக்கு வருகிறார். சிவப்புக் கார், பெயர் வேண்டாம். விலை ஏறும் என்று துணி போர்த்தி வைத்திருந்தார். மாதம் ஒருமுறை பேட்டரி செத்துவிடும், நான் போய் உயிர் கொடுப்பேன். ஓட்டாத காருக்கு நம்ம ஊர் வெப்பம் நல்லதில்லை. ரப்பர் இறுகும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும், எலி வயரைக் கடிக்கும். பத்தாம் ஆண்டு முடிகிற மாதம் கன்டெய்னரில் ஏற்றி அனுப்பினார். மீட்டரில் 11,000 கிலோமீட்டர். ஏற்றுவதற்குமுன் கடைசியாகக் கழுவியவன் நான். அந்தப் பத்தாண்டில் அந்தக் காரை அவரைவிட நான்தான் அதிகம் தொட்டிருப்பேன்.

கேள்வி (ஈசூன்): ஜப்பானியப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களும் ஏன் இந்த விலை? என் அண்ணன் 2008இல் விற்ற ஹோண்டா எஸ்2000 இன்று அவரால் திரும்ப வாங்க முடியவில்லை.

பதில்: அண்ணனிடம் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள், காயம் ஆறியிருக்காது. எஸ்2000 நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை போகும் இன்ஜின், 2009இல் உற்பத்தி நின்றது. நிசான் ஜிடி-ஆர் ஆர்35 2025 ஆகஸ்ட்டில் நின்றது, பதினெட்டு ஆண்டில் சுமார் 48,000. இனி வராது என்றாலே பாதி விலை ஏறிவிடும். அமெரிக்காவில் 25 ஆண்டு நிறைந்த கார்களை இறக்குமதி செய்ய விடுவார்கள். 1999இல் வந்த நிசான் ஆர்34 ஸ்கைலைன் ஜிடி-ஆர் 2024இல் அந்த வயதை எட்டியது. அங்கே வாசல் திறக்கிறது என்றதும் ஜப்பானில் விலை எகிறியது, அந்தக் காற்று இங்கும் அடித்தது.

இங்கே இன்னொரு காரணமும் உண்டு. இருப்பு குறைந்துகொண்டே போகிறது, கூட வழியில்லை. காலாவதியானதும் ஏற்றுமதியாகிறது, இல்லை நசுக்கப்படுகிறது. மூன்றாண்டு விதியால் வெளியிலிருந்து வராது. மிச்சம் இருக்கும் சிலவற்றைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பெரிய தொகை கட்டிப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். பத்தாண்டு தாண்டிய காருக்குச் சாலை வரியும் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு கூடி, ஐம்பதில் போய் நிற்கும். அப்படியும் வைத்திருப்பவர் சும்மா விலைக்கு விடுவாரா?

கேள்வி (கிளமெண்டி): 2030இல் பெட்ரோல் கார்களைத் தடை செய்கிறார்களாமே? அதனால்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்களா?

பதில்: பாதி சரி. 2030இலிருந்து புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும், அதில் ஹைபிரிடும் அடக்கம். ஏற்கெனவே ஓடுபவற்றை யாரும் பிடுங்கப் போவதில்லை. பேட்டரி உதவியில்லாத, முழுப் பெட்ரோல் இன்ஜின் ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதிதாகப் பதிவுசெய்யும் நாள் மட்டும் எண்ணப்படுகிறது. அந்தச் சத்தத்துக்காக வாங்குபவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். விற்பவர்கள் அந்த அவசரத்தை இன்னும் கொஞ்சம் ஊதுகிறார்கள்.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): விரைவுச்சாலையில் அதிகபட்சம் 90. அப்புறம் எதற்கு ஐயா 600 குதிரைத்திறன்?

பதில்: என் மனைவியும் இதையேதான் கேட்பார்.

உண்மையில் ஓட்ட விரும்புகிறவர்கள் கடற்பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போகிறார்கள், சட்டப்படி டேங்கில் முக்கால்வாசிப் பெட்ரோலோடு. செப்பாங் பந்தயத்தடம் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், அங்கே நாள் வாடகையில் ஓட்டலாம். நமக்கும் ஒரு காலத்தில் சொந்தமாக இருந்தது. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையையே மூடி பந்தயம் நடத்தினார்கள். கடைசி ஆண்டு அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டினார். எனக்கு அப்போது ஒன்பது வயது, தோளில் ஏறும் வயதில்லை. அதனால்தான் அவருடைய முதுகுவலியும் அந்தச் சத்தமும் எனக்குச் சேர்ந்தே நினைவிருக்கிறது. மரீனா பேயில் 2008இலிருந்து நடக்கும் இரவுப் பந்தயத்துக்கு ஒருமுறை டிக்கெட் கிடைத்தது. பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டயர் வாசனை வரும் தூரத்தில் உட்கார என் பணம் போதவில்லை.

கேள்வி (பொங்கோல், வயது 11): தாத்தா, ஃபெராரி எஃப்80 ஏன் 799 மட்டும் செய்கிறார்கள்? 800 செய்தால் என்ன?

பதில்: அடேயப்பா, நல்ல கேள்வி. மேலே என்ஸோ தாத்தா சொன்னதைப் படி. எஃப்50 எத்தனை தெரியுமா? 349. அவர் பெயரிலேயே வந்த என்ஸோ? 399. லாஃபெராரி? 499. எல்லாமே ஒன்று குறைவு! ஆனால் அவர்களே சில நேரம் அந்த ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். நானூறாவது என்ஸோவைப் போப்பாண்டவருக்குக் கொடுத்தார்கள், அது பிறகு ஏலத்தில் தர்மத்துக்குப் போனது. ஐந்நூறாவது லாஃபெராரியை 2016இல் இத்தாலி நிலநடுக்க நிவாரணத்துக்காக ஏலம் விட்டார்கள், 7 மில்லியன் அமெரிக்க டாலர் வந்தது. எண்ணூறாவது எஃப்80 வருமா என்று நீ பார்த்துச் சொல்லு.

கேள்வி (செங்காங்): இவ்வளவு சொல்கிறீர்களே, உங்களிடம் என்ன கார் இருக்கிறது?

பதில்: மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டு இருக்கை, திறக்கும் கூரை, கையால் மாற்றும் கியர்.  முதல் பத்தாண்டு முடிந்து புதுப்பிக்கும்போது பத்தாண்டா, ஐந்தாண்டா என்று கேட்டார்கள். அன்றைய சராசரி விலை இப்போதையதில் பாதிகூட இல்லை. நான் தொழில் தெரிந்தவன் அல்லவா, "இன்னும் இறங்கும், பார்க்கலாம்" என்று ஐந்தாண்டுக்கு எடுத்தேன், பாதித் தொகை கட்டி. ஐந்தாண்டுக்கு எடுத்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

வருகிற மார்ச்சில் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை மழை இல்லை என்றால் பழைய அப்பர் தாம்சன் சாலைப் பக்கம், கூரையைத் திறந்துகொண்டு, 40இல் போகும் ஒரு வெள்ளை முடிக்காரரைப் பார்ப்பீர்கள். கை காட்டுங்கள்.